ரெசிஸ்டருக்குக் கீழே பழுப்புக் கறை

பழுது பார்க்க வரும் எஸ்.எம்.பி.எஸ். எதுவானாலும், மூடியைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில். போர்டின் பச்சை நிறம் கருகிப் பழுப்பேறிய இடத்தில் ஒரு ரெசிஸ்டர் நின்றிருக்கும். கூடவே ஒரு கெப்பாசிட்டர், ஒரு டையோடு. மூன்றும் சேர்ந்தால் கிளாம்ப். டையோடு இல்லாமல் மற்ற இரண்டும் வரிசையாக இருந்தால் ஆர்.சி. ஸ்நப்பர். பட்டறைப் பேச்சில் இரண்டுக்குமே ஸ்நப்பர் என்றுதான் பெயர். தவறுகளில் பாதி இந்தப் பெயர்க் குழப்பத்தில் பிறப்பவை.

கிளாம்ப் மீது எனக்குப் பெரிய புகார் கிடையாது. 230 வோல்ட் ஏ.சி.யை ரெக்டிஃபை செய்தால் 325 வோல்ட் டி.சி. ஃப்ளைபேக் சப்ளையில் மாஸ்ஃபெட் அணையும் கணத்தில் செகண்டரியிலிருந்து பிரதிபலிக்கும் 100 வோல்ட் சொச்சமும் அதன் மேல் ஏறும். அதோடு நின்றால் 650 வோல்ட் மாஸ்ஃபெட் பிழைத்துக்கொள்ளும். ஆனால் பிரைமரியின் ஆற்றலில் ஒரு சிறு பங்கு செகண்டரிக்குப் போகாமல் லீக்கேஜ் இண்டக்டன்ஸில் சிக்கிக்கொள்கிறது. மோட்டார் ஓடும்போது வால்வைச் சட்டென்று மூடினால் குழாய் அதிருமே, அதுபோலப் போக்கிடமில்லாத மின்னோட்டம் ஸ்பைக்காக எகிறும். அதற்கு ஒரு வடிகால் வேண்டும். கிளாம்ப் இல்லாமல் முடியாது.

தவறு, அதை எங்கே பிடித்துவைக்கிறோம் என்பதில்தான். லீக்கேஜ் 10 மைக்ரோஹென்றி, உச்ச மின்னோட்டம் 1 ஆம்பியர், 65 கிலோஹெர்ட்ஸ் என்றால் சிக்கிய ஆற்றல் சுமார் 0.33 வாட்தான். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று கிளாம்பை 150 வோல்ட்டில் இறுக்கினால் ரெசிஸ்டரில் எரிவது 1 வாட்! லீக்கேஜ் வடிந்து முடியும்வரை செகண்டரிக்குப் போயிருக்க வேண்டிய ஆற்றலும் அதே வழியில் ஓடிவிடுகிறது. 200 வோல்ட்டுக்குத் தளர்த்தினால் 0.65 வாட். நம் ஊரில் லைன் 260 வோல்ட்டுக்கு ஏறினாலும் டிரெயினில் 570-ஐத் தாண்டாது. அந்தப் பழுப்புக் கறையில் பெரும்பகுதி அதிக எச்சரிக்கையின் விளைவு.

என் சண்டை ஆர்.சி. ஸ்நப்பரோடு. ஸ்பைக்கைத் தொடரும் அதிர்வை, அதாவது ரிங்கிங்கை, அது அடக்கும், மறுக்கவில்லை. கோயில் மணியைத் தட்டிவிட்டுக் கையை வைத்தால் ரீங்காரம் நிற்கிற மாதிரி. ஆனால் கைக்குக் கூலி உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் அந்தக் கெப்பாசிட்டர் நிரம்பிக் காலியாகும். செலவு வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். 12 வோல்ட் பக் கன்வர்ட்டரில் 500 கிலோஹெர்ட்ஸில் 1 நானோஃபாரட் போட்டால் 0.07 வாட், கணக்கிலேயே வராது. 400 வோல்ட், 100 கிலோஹெர்ட்ஸில் வெறும் 100 பிக்கோஃபாரட் 1.6 வாட்டைத் தின்னும். முன்னதில் தாராளமாகப் போடலாம், பின்னதில் வேறு வழியே இல்லையா என்று கேட்டுவிட்டுப் போட வேண்டும்.

யாரும் கேட்பதில்லை. "10 ஓம், 1 நானோ போடு, போதும்" என்பதுதான் வழக்கம். உகந்த மதிப்புகளைக் கணக்கிடும் வழியை வில்லியம் மெக்மர்ரே 1972-லேயே எழுதிவிட்டார். மேசையில் செய்ய அதைவிட எளிய வழியும் இருக்கிறது. ரிங்கிங் 100 மெகாஹெர்ட்ஸ் என்று வையுங்கள். அந்த அதிர்வெண் பாதியாகும்வரை வெறும் கெப்பாசிட்டரைச் சேர்த்துக்கொண்டே போனால், 600 பிக்கோஃபாரட்டில் பாதியாகிறது. சேர்த்ததில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 200, ஏற்கெனவே அங்கே ஒளிந்திருந்தது. அதிலிருந்து இண்டக்டன்ஸ் 13 நானோஹென்றி, ரெசிஸ்டர் 8 ஓம். இந்தப் போர்டுக்கு 10 ஓம் அதிர்ஷ்டவசமாகப் பொருந்தும். வேறு மாஸ்ஃபெட்டை மாற்றிப் போட்டால் இந்தக் கணக்கு மாறிவிடும். பழைய ஸ்நப்பர் மட்டும் அப்படியே இருக்கும்.

அதற்கும் முன்னால் ஒன்று. ஆஸிலோஸ்கோப்பில் தெரியும் ஸ்பைக் நிஜமா? புரோப்பின் முதலை கிளிப் கம்பி 15 சென்டிமீட்டர் இருந்தால் அதுவே ஏறத்தாழ 150 நானோஹென்றி. போர்டில் இல்லாத ரிங்கிங்கையும் அது வரைந்து காட்டும். நானே ஒரு முழு மாலை, இல்லாத ஸ்பைக்குக்கு ஸ்நப்பர் தேடியிருக்கிறேன். கிளிப்பைக் கழற்றிவிட்டுப் புரோப் நுனியில் சின்ன ஸ்பிரிங்கைச் சுற்றி அளந்தபோது முக்கால்வாசி காணாமல் போனது. மீதிக் கால்வாசியும் இன்புட் கெப்பாசிட்டரை மாஸ்ஃபெட் பக்கத்தில் நகர்த்தியதும் அடங்கிவிட்டது. மோசமான லேஅவுட்டுக்குப் போடும் ஸ்நப்பர் ஓட்டைக்கூரைக்கு அடியில் வைத்த வாளிதான்.

இன்னொரு எல்லையும் உண்டு. ஸ்நப்பர் அடக்குவது பத்து, நூறு மெகாஹெர்ட்ஸ் ரிங்கிங்கை. வீட்டில் தொல்லை தருவது பெரும்பாலும் வேறு இரைச்சல்: ஸ்விட்ச்சிங்கின் மடங்குகள், மெயின்ஸ் வயர் வழியே வெளியேறுபவை. ஒரு பாக்கெட் ரேடியோவை மீடியம் வேவில் வைத்துச் சார்ஜர் பக்கம் கொண்டுபோனேன். ஸ்நப்பரை மாட்டினாலும் கழற்றினாலும் அதே கரகரப்பு. பிரைமரிக்கும் செகண்டரிக்கும் இடையே போடும் ஒய் கெப்பாசிட்டர் கொஞ்சம் குறைத்தது. அதற்கும் விலை உண்டு: எர்த் இல்லாத இரண்டு முள் பிளக்கில் 2.2 நானோஃபாரட் வழியே 0.16 மில்லியாம்பியர் கசியும். லேப்டாப்பின் உலோக உடலைத் தடவினால் விரலில் சுர்ரென்பது இதுதான். லைனில் காமன் மோட் சோக் ஒன்றைச் சேர்த்த பிறகே ரேடியோ அடங்கியது. மலிவான சார்ஜர்களைத் திறந்து பாருங்கள். சோக்குக்கென்று அச்சிட்ட இடம் போர்டில் இருக்கும். அங்கே இரண்டு ஜம்பர் கம்பிகளைப் பற்றவைத்திருப்பார்கள்.