வி-1 இலையின் மினுமினுப்பு

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலையும் வாழைத் தோப்பையும் தாண்டிப் போகும்போது, புதர் புதராகக் கரும்பச்சை வரிசைகள் கண்ணில் பட்டால் கொஞ்சம் நின்று பாருங்கள். அது மல்பெரி. மரமாக ஓங்கக்கூடியதைப் பட்டுப்புழுவுக்காக வெட்டி வெட்டிக் குட்டையாக வைத்திருக்கிறார்கள்.

காம்பைக் கிள்ளினால் பால் கசியும். இலையின் அடியிலேயே மூன்று நரம்புகள் பிரியும். ஒரே செடியில் பிளவுபட்ட இலையும் முழு இலையும் கலந்திருப்பது மல்பெரிக்கு இயல்பு. ஆனால் மைசூரு மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வி-1 ரகத்தில் அந்தக் குழப்பம் இல்லை. பிளவில்லாமல் அகன்று, தடித்து, எண்ணெய் தடவியதுபோல் மின்னும். இவ்வளவு அழகான இலை வேறு எந்தத் தோட்டப்பயிரிலும் எனக்குத் தெரியாது.

நடுவது எளிது. 6 முதல் 8 மாதம் முற்றிய, பென்சில் தடிமனுள்ள குச்சியை 3 அல்லது 4 பருக்களோடு வெட்டி, மேல் பரு மட்டும் தெரியும்படி ஊன்ற வேண்டும். தலைகீழாக ஊன்றிவிடக் கூடாது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். வேர் பிடித்துவிட்டால் ஆண்டுக்கு ஐந்து முறையாவது தழை கிடைக்கும்.

புழுவின் தீனிக்காலம் ஏறக்குறைய 25 நாள். அது தின்னும் தழையில் முக்கால் பங்குக்கும் மேல் கடைசி ஒரு வாரத்தில்தான் போகும். அந்த வாரத்தில் பக்கத்துத் தோட்டத்து மருந்து காற்றில் வந்து படிந்தால் புழுக்கள் கூண்டோடு சாகும். திராட்சைக்கு மருந்தடிப்பவர்களே, காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று பார்த்து, மல்பெரிக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.