திருத்தமும் பிழைநீக்கமும்

மாணவர் எழுதிய கட்டுரையை ஆசிரியர் திருத்துதல் என்னும் பணியில் இரு வேறு செயல்கள் அடங்கியுள்ளன. ஒன்று, கருத்தையும் அதன் வைப்புமுறையையும் மீள நோக்கிச் செப்பம் செய்தல். மற்றொன்று, எழுத்து, சொல், சந்தி ஆகியவற்றில் நேர்ந்த வழுவைக் களைதல். முன்னதைத் திருத்தம் என்றும் பின்னதைப் பிழைநீக்கம் என்றும் ஈண்டு வழங்குவாம். இவ்விரண்டும் ஒன்றெனவே கருதப்படுவதால், பின்னது முன்னதன் இடத்தைக் கவர்ந்துகொண்டது என்பது எம் கருத்து.

இது பற்றி நன்னூல் கூறுவது நோக்கத்தக்கது. பவணந்தி முனிவர் பொதுப்பாயிரத்தில் நூற்குற்றம் பத்து எனத் தொகுத்துள்ளார். அவற்றுள் சொல்வழுவை நேரே சுட்டுவது 'வழூஉச்சொற் புணர்த்தல்' ஒன்றே. குன்றக் கூறல், கூறியது கூறல், மற்றொன்று விரித்தல் முதலிய ஏனை ஒன்பதும் பொருளின் அளவு, தெளிவு, ஒழுங்கு, பயன் என்பவற்றைப் பற்றியன. தொல்காப்பிய மரபியலிற் காணும் பத்துக் குற்றங்களுள்ளும் பெரும்பாலன பொருள் பற்றியனவே. ஆயின் இன்று திருத்தப்பெற்ற கட்டுரையேட்டைப் புரட்டுவார்க்கு இம்முறை தலைகீழாய்த் தோன்றும். சிவப்பு மை அந்த ஒரு குற்றத்தையே தேடி அலைகிறது. ஒன்பதும் தீண்டப்படாமல் நிற்கின்றன.

எடுத்துக்காட்டாக ஒரு பத்தியை யாமே அமைத்துக் காட்டுவாம்: 'எங்கள் ஊர் ஆற்றில் முன்பு நீர் ஓடியது. இப்போது மணல் அள்ளுகிறார்கள். ஆறு நம் தாய். ஆற்றை பேணி காக்க வேண்டும்.' ஆசிரியர் இரண்டிடத்தில் வல்லெழுத்தை மிகுத்துவிட்டு மதிப்பெண் இடுவார். பத்தியின் உண்மைக் குறையோ வேறு. நீர் வற்றியதற்கும் மணல் அள்ளுதற்கும் உள்ள தொடர்பு சொல்லப்படவில்லை. இது குன்றக் கூறல். தான் கண்டதைச் சொல்லத் தொடங்கிய மாணவன், எவரும் சொல்லும் அறவுரையில் முடிந்துவிட்டான். இது சென்று தேய்ந்து இறுதல். 'நீர் ஓடியதை நீ கண்டாயா? யார் சொல்லக் கேட்டாய்?' என ஓரத்தில் எழுதும் ஒரு வினா, இரு ஒற்றுக்களினும் பெரும்பயன் தருவதாகும். அவ்வினாவுக்கு விடை எழுதுங்கால் இறுதித் தொடரே நீங்கிப்போதலும் கூடும்; நீங்கவேண்டிய தொடரில் ஒற்று மிகுத்து என் பயன்?

இதற்கு மறுதலையான குறையும் உண்டு. கருத்தில் தலையிடப் புகுந்த ஆசிரியர் சிலர், பத்தி முழுவதையும் அடித்துவிட்டுத் தாமே எழுதித் தந்துவிடுவர். நடை செம்மையுறும், ஆயின் அது ஆசிரியர் நடை. தன் சொல்லுக்கு இடமில்லை எனக் கண்ட மாணவன், அடுத்த முறை மனப்பாடம் செய்த தொடர்களையே தருவான். பிழையற்ற வெறுமை அவனுக்குப் பழக்கமாகிவிடும்.

சந்திப் பிழையை விட்டுவிடலாமோ எனின், அன்று. பிழைநீக்கம் வேண்டியதே, அதன் இடம் இறுதி. முதல் வரைவில் வினாவும், மீள எழுதிய வரைவில் பிழைநீக்கமும் அமைதல் முறையாகும். ஏடுகள் பலவாக, ஒவ்வொன்றையும் இருமுறை நோக்க ஆசிரியர்க்குக் காலம் ஏது என்னும் தடை வலியது. அதற்கும் நன்னூலிலேயே வழி உண்டு. ஆசிரியன் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்கூறே. உடன்பயில்வாரோடு பயிலுதலால் மற்றொரு காலும், பிறர்க்கு உரைத்தலால் எஞ்சிய பாதியும் நிரம்பும் என்கிறது அந்நூல். முதல் வரைவை மாணவர் தம்முள் மாற்றிப் படித்து, விளங்காத இடத்தைக் குறித்துத் தருவாராயின், ஆசிரியர் சுமை குறையும். படிப்பவன் ஒருவன் உளன் என்னும் உணர்வும் எழுதுவானுக்கு உண்டாகும்.

திருத்திய ஏடு மீள எழுதப்படாமல் கட்டி வைக்கப்படும்வரை, திருத்தம் என்பது மதிப்பெண்ணுக்குக் காட்டும் காரணமாகவே நிற்கும். மீள எழுதுதற்கு ஒரு பாடவேளை ஒதுக்குதலே இதன்கண் முதலிற் செய்யத்தக்கது.