திருப்பப் பங்கீடு: முறையும் பயிற்றலும்

அமைப்புப் பகுப்பாய்வைப் பயிலும் பொறியியல் மாணவர், சமநிலைச் சமன்பாடுகள் மட்டும் போதாத தொடர்வளையை எதிர்கொள்ளுமிடத்தே முதலில் இடர்ப்படுகின்றனர். இவ்விடத்திற் கைகொடுத்தது, அமெரிக்காவின் இலினோய்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹாடி குறொஸ் 1930இல் வெளியிட்ட பத்துப் பக்கக் கட்டுரை. அதனையொட்டி எழுந்த விவாதங்கள் கட்டுரையினும் பன்மடங்கு நீண்டன. அதிற் கண்ட திருப்பப் பங்கீட்டு முறையையே 1960கள் வரை சட்டகங்களைக் கணித்தோர் பெரிதும் நம்பியிருந்தனர். பின்னர் கணினியும் தாய முறைகளும் அவ்விடத்தைப் பிடித்தன. இனி அதனைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கிவிடலாம் என்போர் அதனை வெறுங் கணிப்புக் கருவியாகவே கொள்கின்றனர்.

அதன் சிறப்பு வேறிடத்தது. மூன்று எளிய தாங்கிகளின்மேல், 6 மீற்றர் கொண்ட இரு இடைவெளிகளில் அமைந்த சீரான வளையொன்றைக் கொள்க. சுமை மீற்றருக்கு 20 கிலோநியூற்றன். மூட்டுக்களைத் திரும்பவிடாது பூட்டினால் ஒவ்வோரிடைவெளியின் முனைகளிலும் 60 கிலோநியூற்றன் மீற்றர் திருப்பம் தோன்றும். எளிய புறமுனைகள் திருப்பத்தைத் தாங்கா. ஆகவே அவற்றை விடுவித்தல் வேண்டும். விடுவித்த 60இன் அரைவாசி நடுத்தாங்கிக்குக் கடத்தப்படும். 60உம் 30உம் சேர 90. சமச்சீரினால் நடுமூட்டு திரும்பாது; கணக்கு முடிந்தது. சமச்சீரில்லாவிடின், எஞ்சும் திருப்பத்தை உறுப்புக்களின் விறைப்பிற்கேற்பப் பங்கிடவேண்டும்; முறையின் பெயர் அதனால் வந்ததே. பூட்டல், விடுவித்தல், கடத்தல் என்னும் ஒவ்வொரு படியும் வளைக்கு நேர்வதைச் சொல்கிறது.

வகுப்பறையிலோ இது நிரல்களை நிரப்பும் பயிற்சியாகச் சுருங்கிவிடுகிறது. குறி மரபைப் பிழையின்றிக் கையாளும் மாணவரும், நடுத்தாங்கியின்மேல் வளையின் எப்பக்கம் இழுபடுகிறது என வினவினால் மயங்குதல் உண்டு. இழுபடுவது மேற்பக்கம், கொங்கிறீற்று வளையாயின் கம்பி அங்கேதான் வேண்டும். (உயர்தர வகுப்பிலே தமிழிற் கற்ற திருப்பம், இங்கு ஆங்கிலப் பெயர் பூண்டு வருவதும் இம்மயக்கத்திற்கு ஓரளவு துணைபோகிறது.)

கணினி இதனைத் தீர்க்குமா? புறத்தாங்கிகளை நிலைத்த முனைகள் எனத் தவறாகக் கொடுத்தால் நடுத்தாங்கியில் 60 என்றே அது விடைதரும். வேண்டிய 90இல் மூன்றிலொரு பங்கு குறைவு. விடுவித்தலைத் தன் கையாற் செய்து பழகியவர் அவ்விடையை ஐயுறுவர்.

குறொஸின் முறைக்குங் குறையுண்டு. வழக்கமான வடிவில் அது உறுப்புக்களின் நீளமாற்றத்தைப் புறக்கணிக்கிறது. பக்கப்பெயர்ச்சியுள்ள பலமாடிச் சட்டகங்களில் வேலை பெருகிச் சலிப்பூட்டும். அத்தகைய பெருங்கணக்குகளைப் பரீட்சைத்தாளில் வைப்பதாற் பயனில்லை. இரண்டு மூன்று இடைவெளிகள் போதும். விடையோடு, வளை எவ்வாறு வளையும் என்பதையும் வரைந்துகாட்டுமாறு கேட்கலாம்.