ஒப்பாரியிலிருந்து ஓர் உரிமைக்குரல்
(அறிவின் பாடல்களை முன்வைத்து)

தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில், இழவு வீட்டு முற்றத்தில் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு பாடும் ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பாட்டில் இறந்தவரின் நற்குணங்கள் மட்டுமா இடம்பெறுகின்றன? அவர் வெட்டிய கிணறு, அவர் நட்ட புளியமரம், கடனுக்காகக் கைமாறிப்போன மேட்டு நிலம், அவருக்குச் சேரவேண்டியிருந்தும் சேராமற்போன கூலி ஆகிய யாவும் அதில் வரிசையாக வந்துவிடும். எழுத்தறியாத மக்கள் தம் வாழ்வின் கணக்கை எழுதிவைத்த ஏடு ஒப்பாரிதான் என்றால் அது மிகையாகாது. அந்த ஏட்டை உலகத்தின் முன் விரித்துக் காட்டிய இளம் பாடலாசிரியர் ஒருவரைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

‘அறிவு’ என்று அறியப்படும் அறிவரசு கலைநேசன் அரக்கோணத்தைச் சேர்ந்தவர், பொறியியல் படித்தவர். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தமிழகம் திரும்பியவர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 தோட்டத் தமிழரை இந்தியா ஏற்றுக்கொள்ளும் என வரையறுத்தது. அம்மக்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை. தலைமுறைகளாகக் காட்டை அழித்துத் தேயிலை வளர்த்தவர்களுக்கு அங்கும் நிலமில்லை, இங்கும் நிலமில்லை. இந்த வரலாற்றை அறிவு நூலகத்தில் தேடிப் படிக்கவேண்டியிருக்கவில்லை. அது பாட்டியின் வாய்மொழியாகவே அவரிடம் வந்து சேர்ந்தது.

2018 சனவரியில் சென்னையில், இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசைக்கலைஞர் டென்மாவும் முன்னின்று அமைத்த ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு மேடையேறியது. சாதியற்றவர் எனப் பொருள்படும் அப்பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையை நினைவூட்டுவது. கானாப் பாடலும் பறையும் ராக் இசையின் கிதாரும் டிரம்ஸும் அம்மேடையில் சமமாக நின்றன. அறிவு அதில் ராப் பாடினார். 1970களில் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், ஏழைக் கறுப்பின இளைஞர்களிடையே பிறந்தது ராப். தாளத்துக்கேற்ப விரைந்து பேசும் அந்தக் கலை நம் தெருக்கூத்துக்கும் கானாவுக்கும் அந்நியமானதன்று என்பதை அவர் குரல் நமக்கு உணர்த்திற்று.

இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் இணைந்து 2019இல் அவர் வெளியிட்ட தொகுப்பின் பெயர் ‘தெருக்குரல்’. திருக்குறளை நினைவுபடுத்தும் இப்பெயரிலேயே, தெருவில் நிற்பவனுக்கும் சொல்ல ஓர் அறம் உண்டு என்ற துணிவு தெரிகிறது. இத்தொகுப்பின் பாடல்கள் அனைத்தும் ஒரே தரத்தில் இருப்பதாக நாம் கருதவில்லை. சில இடங்களில் சினம் முந்திக்கொள்கிறது. முழக்கம் கவிதையை விழுங்கிவிடுகிறது. ஆனால், ‘ஸ்நோலின்’ என்ற பாடல் நம்மை நிறுத்திவைக்கிறது. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த 13 பேரில் ஓர் இளம்பெண்ணின் பெயர் அது. செய்தித்தாளில் எண்ணிக்கையாகிப்போன உயிரைப் பெயர் சொல்லி அழைப்பதே ஒப்பாரியின் முதல் கடமை. அறிவு சினத்தை மட்டும் நம்பும்போது பேச்சாளராக நிற்கிறார். இழப்பைப் பாடும்போதோ கவிஞராகிறார். இதுவே அவரைப் பற்றிய நமது கணிப்பு.

இக்கணிப்புக்குச் சிறந்த சான்று, 2021 மார்ச் மாதம் வெளிவந்த ‘என்ஜாய் எஞ்சாமி’. சந்தோஷ் நாராயணனின் இசையில் தீயும் அறிவும் பாடிய இப்பாடல் கோடிக்கணக்கானோரைச் சென்றடைந்தது. அதன் தலைப்பிலுள்ள ‘சாமி’ என்னும் சொல்லை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். பண்ணையாள் கைகட்டி நின்று நிலவுடைமையாளரை அழைத்த சொல் அது. பாட்டி தன் பேரனை மடியிலிட்டுக் கொஞ்சும் சொல்லும் அதுவே. முதலாமவரிடமிருந்து அச்சொல்லை மீட்டு இரண்டாமவரிடம் கொடுக்கிறது இப்பாடல். மண்ணும் மரமும் முன்னோர் விட்டுச்சென்ற சொத்து என்று அது நினைவூட்டும்போது, மூதாதையரின் உரிமைச் சொத்தை அரசனுக்கும் விற்க மறுத்து உயிரிழந்த நாபோத்து நம் மனக்கண்முன் வருகிறார்.

துள்ளலான மெட்டு துயரத்தை மறைத்துவிட்டது என்று சிலர் குறை கூறினர். அக்குறையை நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. இழவு வீட்டிலும் பறை ஆட்டத்துக்கே அழைக்கிறது. அழுகையும் ஆட்டமும் நம் மரபில் பகையல்ல. குறை கேட்பவர்களாகிய நம்மிடமே இருக்கிறது. நம் மாவட்டத்துத் திருமணப் பந்தல்களிலும் அப்பாடல் ஒலித்தது, அனைவரும் ஆடினோம். ஆனால், ஒரு காதல் திருமணத்தைக் காரணமாக்கி 2012 நவம்பர் 7ஆம் நாள் நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டதும் இதே மாவட்டத்தில்தான். ஒரு மக்களின் தாளத்தை விரும்பி, அம்மக்களின் தெருவை வெறுப்பது எவ்வகை இரசனை?

பாடலின் பிற்கால வரலாறும் இதே கேள்வியை வேறு வடிவில் எழுப்பியது. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும் கனடியத் தமிழ்க் கலைஞர் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றனர், அறிவு இல்லை. பா. இரஞ்சித் உள்ளிட்டோர் இதனைக் கண்டித்தனர். 2022 சூலையில் சென்னை சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரின்றியே அப்பாடல் பாடப்பட்டது. பாடலை உருவாக்கி, எழுதிப் பாடியவர் தாமே என அறிவு எழுதினார். சந்தோஷ் நாராயணன் இசையாக்கத்தில் தம் பங்கையும் தீயின் பங்கையும் விளக்கினார். பாடலின் வருவாய் தங்கள் மூவருக்குமே வந்து சேரவில்லை என்று 2024இல் அவரே கூறியதையும் நேர்மை கருதிக் குறிப்பிடவேண்டும். இசை பலர் கூடிச் செய்யும் வேலை. யார் பங்கு எவ்வளவு என்று தீர்ப்பிடுவது நம் பணியன்று. ஆயினும், உழைத்தவர் பெயர் ஏட்டில் ஏறவில்லையே என்று அழுத பாடலுக்கே அந்த நிலை நேர்ந்தது எவரையும் சிந்திக்க வைக்கும்.

திரைப்படங்களுக்கும் அறிவு எழுதுகிறார். ‘மாஸ்டர்’ படத்தின் ‘வாத்தி ரெய்டு’ போன்றவற்றில் அவரது சொல்வேகம் நாயகப் புகழ்ச்சிக்குச் செலவாகிறது. பிழைப்புக்கு அது தேவையாகலாம். ஆனால் அங்கே பாட்டியின் குரல் கேட்பதில்லை. 2024இல் வந்த தம் தனித் தொகுப்புக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று அவர் பெயரிட்டது ஆறுதல் தருகிறது. விருதையோ பட்டத்தையோ அடையாளமாகக் கொள்ளாமல், தேயிலை பறித்த ஒரு மூதாட்டியின் பேரன் என்பதையே அவர் தம் முகவரியாகத் தேர்ந்துள்ளார்.

இதில் நமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். ‘புலம்பல்’ என்ற பெயரிலேயே ஒரு நூலைத் தன் திருவிவிலியத்தில் கொண்டிருப்பது நம் திருச்சபை. 18ஆம் நூற்றாண்டில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் யாத்த ‘வியாகுலப் பிரசங்கம்’ தமிழ்க் கத்தோலிக்கரைப் பெரிய வியாழனிலும் வெள்ளியிலும் கண்ணீர் விடச் செய்தது. அருள்திரு தியோபிலஸ் அப்பாவு (1940–2005) மதுரை இறையியல் கல்லூரியில் பணியாற்றியபோது, கிராமிய இசையையும் பறையையும் சீர்திருத்த சபையினரின் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஆகவே ஒப்பாரியைக் கேட்கும் செவி நமக்குப் புதிதன்று. ஆனால், சாவுக்கு மட்டும் பறையை அழைத்து, திருவிழாவில் அதைக் கோவில் வாசலுக்கு வெளியே நிறுத்திய ஊர்களும் நம்மிடையே உண்டு. சாதிப் பாகுபாடு திருச்சபைக்குள்ளும் நிலவுவதை இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையே ஒப்புக்கொண்டது.

அறிவின் பாடல்களில் குறைகள் உண்டு. காலம் அவற்றைச் சலித்தெடுக்கும். ஆனால் எஞ்சி நிற்கப்போவது எது என்பதில் நமக்கு ஐயமில்லை. நம் ஊரின் இழவு வீடுகளில் நாம் பாதி கேட்டும் பாதி கேளாமலும் கடந்துபோன அந்தக் குரலே அது. அடுத்த முறை ஒப்பாரி கேட்கும்போது சற்று நின்று செவிசாய்ப்போம். அதில் நாம் திருப்பிக் கொடுக்கவேண்டிய கணக்கு ஏதேனும் இருக்கலாம்.