ஹாப்கின்ஸை எங்கே அழுத்துவது?

கல்லூரி வாசிப்புக் கூட்டம் ஒன்றில் ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸின் ‘தி விண்ட்ஹோவர்’ கவிதையைச் சத்தமாக வாசித்தேன். முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “என்னடா, மளிகை லிஸ்ட் படிக்கிற மாதிரி இருக்கு?” வலித்தது, ஏன்னா உண்மை. எல்லா அசைக்கும் ஒரே எடை கொடுத்திருந்தேன்.

ஆங்கிலத்தில் அந்த எடையில்தான் பொருளே மாறும். ‘பிளாக்பேர்ட்’டின் முதல் பாதியை அழுத்தினால் அது ஓர் இனத்தின் பெயர், அதில் பெண் பறவை பழுப்பு நிறம்! ‘பேர்ட்’ மேலும் அழுத்தம் விழுந்தால், கறுப்பாக இருக்கும் எந்தப் பறவையும், காக்காவும்கூட. தமிழில் இப்படிப்பட்ட வேலையை ஒற்று பார்த்துக்கொள்கிறது. ‘வேலை கொடு’ என்றால் உத்தியோகம். ‘வேலைக் கொடு’ என்றால் முருகன் கையிலிருப்பது. நம் ‘க்’ ஏட்டில் தெரியும். அவர்களுடைய அழுத்தம் தெரியாது.

அசை பிரிப்பதும் அப்படித்தான். ‘நைட்ரேட்’ என்று எழுதினால் ரசாயனமா, ராத்திரிக் கட்டணமா? ஆங்கிலக் காது ‘ட்’ எந்தப் பக்கம் ஒட்டுகிறது என்று கேட்டே பிரித்துவிடும். கட்டணத்தில் ‘நைட்’டோடு நின்றுவிடும், ரசாயனத்தில் ‘ரே’யோடு சேர்ந்து வழுக்கும்.

ஹாப்கின்ஸ் இரண்டு மூன்று சொற்களை ஒட்டிப் புதுச்சொல் செய்பவர். சாதாரணக் கூட்டுச்சொல்லில் பின்பாதி தலைகுனியும். இவருடையதில் பல இடங்களில் இரண்டு பாதியும் நிமிர்ந்து நிற்கும். அவருடைய ‘ஸ்ப்ரங் ரிதம்’ அழுத்தங்களை மட்டுமே எண்ணுகிறது. நடுவில் இளைத்த அசைகள் எத்தனையும் வரலாம், ஒன்றுமே இல்லாமலும் போகலாம். அதனால்தான் கையெழுத்துப் பிரதிகளில் சொற்களின் தலையில் குறி போட்டார். 1889இல் இறந்தார். நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் 1918இல்தான் தொகுப்பைக் கொண்டுவந்தார். அந்தக் குறிகளில் பெரும்பாலானவற்றை விட்டுவிட்டார், கூடவே கவிதைகள் விசித்திரம், புரியவில்லை என்றும் குறைபட்டார். வாக்கிய அமைப்பைப் பொறுத்தவரை அந்தக் குறை நியாயம்தான். சில இடங்களில் எழுவாயைத் தேடி நானும் அலைந்திருக்கிறேன். ஆனால் கூட்டுச்சொற்களைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். வழிகாட்டிப் பலகையைப் பிடுங்கிவிட்டு ஊர் சரியில்லை என்றால் எப்படி?

யோசித்தால், என் மளிகை லிஸ்ட் வாசிப்பிலும் பாதி சரி. ஒட்டுச்சொற்களின் இரண்டு பாதியையும் தட்டியது தப்பே இல்லை. ‘ஆஃப்’, ‘தி’ எல்லாவற்றையும் அதே வேகத்தில் தட்டியதுதான் தப்பு. போன வாரம் மொட்டைமாடியில் தனியாக, சின்னச் சொற்களை விழுங்கிக்கொண்டே மறுபடி வாசித்தேன். அந்த நீளமான இரண்டாம் வரி முடிவதற்குள் மூச்சு வாங்கியது.