மேய்ப்பரை வினவுவார் யார்? பாக்ஸ்டர் நூல் பற்றிய ஒரு திறனாய்வு

ரிச்சர்ட் பாக்ஸ்டர் 1656இல் வெளியிட்ட ‘சீர்திருந்திய மேய்ப்பன்’ என்னும் நூல், 1655 டிசம்பரில் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் போதகர்கள் தங்களைத் தாழ்த்துவதற்கெனக் கூடிய நாளுக்காக எழுதப்பட்டது. நோயுற்றமையால் ஆசிரியர் அங்குச் செல்ல இயலவில்லை. உரையே நூலாக விரிந்தது. தலைப்பிலுள்ள சீர்திருத்தம், கோட்பாட்டை அன்று, போதகரின் வாழ்வு புதுப்பிக்கப்படுவதையே குறிக்கும்.

நூலின் அடிப்படை அப்போஸ்தலர் 20:28. அவ்வசனம் மந்தையைப் பேசுமுன் மேய்ப்பரைப் பேசுகிறது. பாக்ஸ்டரும் அவ்வரிசையையே பின்பற்றுகிறார். பிரசங்கம் ஆயத்தமாகும் அறைக்குள்ளேயே பெருமை நுழைந்துவிடுகிறது என்று அவர் காட்டும் பகுதி இன்றும் நம்மைச் சுடும். ஊழியரின் பாவங்களை இலத்தீனில் எழுதியிருக்கலாமே என்ற மறுப்பை அவர் ஏற்கவில்லை; மக்கள் அறிந்துள்ள பாவத்தை அவர்களுக்கு மறைப்பது வீண் என்றார்.

ஆயினும் ஒரு குறை உண்டு. கிடர்மின்ஸ்டரில் திங்களும் செவ்வாயும் உதவியாளருடன் அமர்ந்து, 800க்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு ஓராண்டுக்குள் வினாவிடைவழி போதிக்க வகுத்த முறையை அவர் விவரிக்கிறார். அங்கே வினவுபவர் மேய்ப்பர், விடையளிப்பது மந்தை. மேய்ப்பரை வினவுவார் யார்? அவருடைய மனச்சாட்சியும் உடன்போதகருமே என்னும் விடை போதாது. பவுல், எபேசு சபையின் மூப்பர்முன் தம் கைகளையே சாட்சியாகக் காட்டினார். எவருடைய பொன்னையும் அவர் இச்சித்ததில்லை என்பதற்கு அவர்களே சாட்சிகள். சபைக் கணக்கைச் சபையார் கேட்கும்போது சினங்கொள்ளும் போதகர், முழங்காலில் எத்துணை தாழ்ந்தாலும், தாழ்மையைக் கற்றவரல்லர்.

பாக்ஸ்டரை வாசிப்போம், வாசித்தபின் நம் கணக்கேட்டையும் திறந்து வைப்போம்.