முதல் வருடம் இலவசம்

கோவை, திருப்பூர், மதுரை, சேலம் என்று எந்த ஊரில் ஒருவர் புதிதாக வெப்சைட், ஹோஸ்டிங் தொழில் தொடங்கினாலும் முதல் விளம்பரம் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கிறது: ஐயாயிரம் ரூபாய்க்குள் வெப்சைட், டொமைனும் ஹோஸ்டிங்கும் முதல் வருடம் இலவசம். விசிட்டிங் கார்டின் பின்பக்கத்திலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் இதே வாசகம். தொழிலில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் ‘மார்க்கெட்டையே கெடுக்கிறான்’ என்று திட்டுவார்கள். அவர்களில் பலரும் இதே வாசகத்தோடு கடை திறந்தவர்கள்தான்.

திட்டுவதற்கு முன் இதிலுள்ள கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு டாட் காம் பெயருக்கு வருடத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் ஆகும். பெரிய நிறுவனத்திடம் சர்வரில் மொத்தமாக இடம் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் ரீசெல்லருக்கு, கூடுதலாக ஒரு சின்ன சைட்டை ஏற்றுவதால் பெரிய செலவு இல்லை. முதல் வருடம் கையைக் கடிக்கும். இரண்டாம் வருடம் ரினியூவலுக்கு மூவாயிரம் வாங்கினால் பெரும்பகுதி மிச்சம். அப்படி நூறு பேர் சேர்ந்துவிட்டால் புது வேலை வராத மாதத்திலும் ஆபீஸ் வாடகையும் ஒரு பையன் சம்பளமும் நின்றுபோகாது. வெறும் வெப்சைட் மட்டும் செய்பவருக்கு இந்த நிம்மதி கிடையாது. ஹோஸ்டிங் என்றால் என்னவென்றே தெரியாத கடைக்காரருக்கும் ஒரே தொகை, ஒரே ஆள் என்பது வசதி. ஆக, கணக்கு சரி. அந்த நூறு பேரும் இரண்டாம் வருடம் பணம் கட்டுவார்கள் என்ற அனுமானத்தில்தான் ஓட்டை.

மலிவு விலை யாரை இழுத்துவருகிறது? வெப்சைட்டால் ஒரு வேலையும் ஆகாதவர்களைத்தான் அதிகமாக இழுத்துவருகிறது. தெருமுனை பேக்கரிக்கும் பியூட்டி பார்லருக்கும் கூகுள் மேப்பில் சரியான நேரமும் நாலு நல்ல படமும், வாட்ஸ்அப் பிசினஸில் விலைப்பட்டியலும் இருந்தால் பெரும்பாலும் போதும். விலை குறைவு என்று வாங்கிப்போட்டவர் பன்னிரண்டு மாதம் கழித்து, “தம்பி, இதனால எனக்கு ஒரு போன்கூட வரலையே” என்பார். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும். அதே ஐயாயிரத்தைத் திருப்பூர் பனியன் ஏற்றுமதியாளர் செலவழித்தால் கதை வேறு. ஐரோப்பாவிலிருந்து வாங்க வருபவர் விசாரிக்கும்போதே ஆர்கானிக் பருத்திச் சான்றிதழும் தணிக்கை விவரங்களும் மெஷின் எண்ணிக்கையும் பார்க்க விரும்புவார். வருடத்தில் ஒரே ஒரு பையர் அந்தப் பக்கத்தைப் படித்து ஆர்டர் கொடுத்தாலும் ரினியூவல் தொகை அவருக்குக் காசே இல்லை.

பணம் கட்டாதவர்களைச் சுமப்பதற்கும் செலவு உண்டு என்பதை 2019 ஜூனில் சி-பேனல் நிறுவனம் நினைவூட்டியது. ஹோஸ்டிங் நடத்துபவர்களில் கணிசமானோர் சர்வரை நிர்வகிக்க நம்பியிருந்த மென்பொருள் அந்த நிறுவனத்துடையது. சர்வருக்கு இவ்வளவு என்றிருந்த கட்டணத்தை, சர்வரில் உள்ள கணக்குகளின் எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று மாற்றினார்கள். செத்துக்கிடந்த சைட்டுகளையும் பரிதாபத்துக்காக விட்டுவைத்த கணக்குகளையும் அப்போதுதான் பலர் எண்ணிப் பார்த்திருப்பார்கள்.

முதல் வருடம் இலவசம் என்ற உத்தியின் மோசமான குறை டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்பதில் இருக்கிறது. இலவசமாகக் கொடுப்பதால் தொழில்காரர் தன் பெயரில், தன் மின்னஞ்சலில் பதிவுசெய்து வைத்துக்கொள்கிறார். பாதிப் பேர் சோம்பலால் செய்கிறார்கள், மீதிப் பேர் தெரிந்தேதான் செய்கிறார்கள். டொமைனை வேறு நிறுவனத்துக்கு மாற்ற ஒரு ரகசியக் குறியீடு வேண்டும். அதைக் கேட்டால் பதிவு நிறுவனம் ஐந்து நாளுக்குள் தரவேண்டும் என்பது உலக அளவில் டொமைன்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பின் விதி. ஆனால் அந்த உரிமை பதிவில் பெயர் உள்ளவருக்கு. கடை முதலாளியின் பெயரே அதில் இல்லையென்றால் விதி யாரைக் காக்கும்? ரினியூவல் தேதி தாண்டினால் பதிவு நிறுவனத்தைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் சலுகைக் காலம், பிறகு கூடுதல் கட்டணத்தோடு 30 நாள் மீட்புக் காலம், அதற்குப்பின் ஐந்தே நாளில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். போர்டிலும் பில்லிலும் வேன் மீதும் எழுதியிருக்கும் முகவரி அது. இந்தப் பயத்தைக் காட்டி வசூலிக்கும் ரினியூவலுக்கு வாடிக்கை என்று பெயர் வைக்க முடியாது. சின்ன ஊரில் இப்படி மாட்டிக்கொண்ட ஒருவர், அடுத்த பத்துப் பேரிடம் வெப்சைட்காரர்களையே நம்பாதே என்பார். தேடி அலையும் அத்தனை புதியவர்களுக்கும் கதவு அங்கே சாத்தப்படுகிறது.

வாடிக்கையாளரைப் பிடிக்கும் மற்ற வழிகளையும் இதே இரண்டாம் வருட அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம்.

புதிதாக டொமைன் வாங்கியவர்களின் போன் நம்பர் பட்டியலை வைத்துக்கொண்டு அழைப்பது ஒரு காலத்தில் சக்கைப்போடு போட்ட வழி. ‘சார், வெப்சைட் பண்ணணுமா?’ என்று பெயர் பதிவான அன்றே போன் மேல் போன் வரும். தேவை உள்ளவரை நேராகத் தொடுகிறோம் என்பது அதன் பலம். அதே பட்டியல் ஊரில் எல்லோரிடமும் இருந்தது என்பது பலவீனம். 2018 மே மாதம் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததையொட்டி ஐகேன் பொதுப் பதிவேட்டில் தனிநபர் விவரங்களை மறைக்கச் செய்தது. அதே ஆண்டு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வேண்டாத வணிக அழைப்புகளுக்குப் புது விதிகள் போட்டது. இந்த வழியை இன்னும் நம்பியிருப்பவர் பழைய பட்டியலைக் காசு கொடுத்து வாங்குபவராகத்தான் இருப்பார்.

சந்தைத் தளங்களில் காசு கட்டி லீட் வாங்கினால் அதே விசாரிப்பு இன்னும் பலருக்கும் போயிருக்கும். முதலில் போன் எடுத்தவரும் கடைசி விலை சொன்னவரும் ஜெயிக்கும் இடம் அது. அப்வொர்க் போன்ற வெளிநாட்டு வேலைத் தளங்களில் சைட் உருவாக்கும் வேலை கிடைக்கும், ஹோஸ்டிங் வாடிக்கை அங்கே அரிது.

தொழில்காரர்கள் ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரை அறிமுகம் செய்துகொள்ளும் பி.என்.ஐ.யைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசலாம். 1985-இல் ஐவன் மிஸ்னர் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு இன்று கொங்கு மண்டலத்தில் விடிகாலைப் பழக்கமாகவே ஆகிவிட்டது. சாப்டர் எனப்படும் ஒவ்வொரு உள்ளூர்க் குழுவிலும் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். வாராவாரம் ஒருவரையொருவர் பார்ப்பதால், டைல்ஸ் கடைக்காரர் தன் பெயரை அடகுவைத்து நம்மை இன்னொருவருக்கு அறிமுகம் செய்கிறார். அந்த நம்பிக்கையை எந்த விளம்பரமும் வாங்கித்தராது. குறை என்னவென்றால், ரெஃபரல் கணக்குக் காட்ட வேண்டிய கட்டாயத்தில் மரியாதைக்காகக் கொடுக்கப்படும் பெயர்களும் கலந்து வரும். சாப்டரில் இருப்பவர்களுக்கெல்லாம் ஒரு சுற்று சைட் செய்து முடித்ததும் ஊற்று மெலியும்.

எனக்கு மிகவும் சரியென்று படுவது ஒரே துறையைப் பிடித்துக்கொள்வது. உதாரணத்துக்கு, சி.பி.எஸ்.இ. பள்ளிகள். கட்டடப் பாதுகாப்புச் சான்று, தீயணைப்புச் சான்று, கட்டண விவரம், மூன்று வருடத் தேர்வு முடிவுகள் இவற்றையெல்லாம் தங்கள் வெப்சைட்டில் வெளியிட வேண்டும் என்று வாரியமே கட்டாயப்படுத்தியிருக்கிறது. சான்றிதழ் புதுப்பிக்கப்படும்போதெல்லாம் சைட்டும் புதுப்பிக்கப்பட வேண்டும். அந்தப் பட்டியலை மனப்பாடமாக வைத்திருப்பவர் தாளாளர் அறையில் விலையைப் பற்றி அதிகம் பேச வேண்டியிராது. ஒரு தாளாளருக்கு இன்னும் நான்கு தாளாளர்களைத் தெரியும். இதிலும் சங்கடம் இல்லாமல் இல்லை. விதிக்காக மட்டும் சைட் வைத்திருப்பவருக்கு அது நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசை இருக்காது. டிரஸ்ட் கணக்கிலிருந்து பணம் வாங்க நடையாய் நடக்கவும் வேண்டியிருக்கும்.

இலவச முதல் வருடத்தைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். டொமைனை முதல் நாளே வாடிக்கையாளர் பெயரில், அவருடைய மின்னஞ்சலில் பதிவுசெய்து, கொட்டேஷனில் முதல் வருடத் தொகைக்குப் பக்கத்திலேயே இரண்டாம் வருடத் தொகையையும் எழுதிவிட்டால் அந்தச் சலுகையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தத் தொகையைப் பார்த்துச் சிலர் எழுந்து போவார்கள். போகிறவர்களை விட்டுவிட்டு முதல் ஆறு மாத வாடகைக்கு என்ன செய்வது என்று புதியவர் கேட்பது நியாயம். பிரிண்டிங் பிரஸ்காரர்களையும் ஆடிட்டர் ஆபீஸ்களையும் போய்ப் பார்க்கலாம். நோட்டீஸும் பிரோஷரும் அடிக்க வருபவர் பிரஸ்ஸிலேயே வெப்சைட்டுக்கும் ஆள் கேட்பார். யார் புதிதாக ஜி.எஸ்.டி. எண் எடுத்திருக்கிறார் என்பது ஆடிட்டருக்குத் தெரியும். பிரஸ்காரர் தன் பங்கை எடுத்துக்கொள்வார், வாடிக்கையாளரையும் தன் ஆள் என்றே வைத்துக்கொள்வார். சைட்டின் அடியில் நம் பெயர்கூட வராது. ஆனால் வேலையை முடித்துக் கொடுத்ததும் பணம் வந்துவிடும்.